நான்காம் எண் கம்பியும் ஒரு படகு நாளும்

மே 20, செவ்வாய். மீஞ்சூர்

காலை ஆறரைக்கே முதுகில் வெயில். கும்மிடிப்பூண்டி வண்டி பத்து நிமிடம் தாமதம். நாளை இரவு விமானம். பெட்டி இன்னும் அடுக்கவில்லை.

செய்ய வேண்டியவை:
பிரஷர் மாத்திரை, பத்து நாளைக்கு.
இரண்டாவது கண்ணாடி.
ஆய்வகச் சாவியை யாரிடம் கொடுப்பது?
ஆசீர்வாதத்திடம் ஸ்வெட்டர் இருக்கிறதா என்று கேட்க.

இத்தாலியில் எங்கள் கம்பெனிக்காக ஒரு மெஷின் தயாராகி நிற்கிறது. உருக்குக் கம்பியை உள்ளே விட்டால், கண்ணுக்குத் தெரியாத விரிசலைக்கூடக் கண்டுபிடித்து மணி அடிக்குமாம். அடிக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது நான். இருபத்திரண்டு வருடமாக இந்த ஆய்வகத்தில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான்.

ஆறு மாதிரிக் கம்பிகள் முன்னமே மரப்பெட்டியில் போய்ச் சேர்ந்துவிட்டன. முழ நீளம், கட்டைவிரல் தடிமன். மூன்றில் விரிசல் உண்டு, மூன்று நல்லவை. எண் 4-ல் இருப்பது மயிரிழை. நானே சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பவுடர் அடித்துப் பார்த்தேன். விரிசல் இருந்தால் பவுடரில் சிவப்புக் கோடு எழும். எழுந்தது. லேபிளில் என் கையெழுத்து.

கூட வருவது ஆசீர்வாதம். எளாவூர்க்காரர், ஐம்பத்திரண்டு வயது, கிரைண்டிங் பிரிவு. மெஷின் வந்துவிட்டால், கம்பியைக் கண்ணால் பார்த்தும் தேய்த்தும் தரம் பிரிக்கிற பதினோரு பேருக்கு இங்கே வேலை இல்லை. வேறு யூனிட்டுக்கு அனுப்புவார்கள் என்று பேச்சு. ஒருவர் மட்டும் மெஷினை ஓட்ட இங்கேயே இருப்பார். அது ஆசீர்வாதம் என்று எம்.டி. வாயால் சொல்லியிருக்கிறார். காகிதத்தில் இன்னும் இல்லை.

சாயங்காலம் அவர் மனைவி கேட் வரைக்கும் வந்திருந்தார்.

"மேடம், இவரு வாயி சும்மா இருக்காது. அங்க எவனாண்டயாவது வம்பு வளத்துக்கினு நிப்பாரு. நீங்கதான் பாத்துக்கணும்."

"அங்க எவனுக்கு என் பாஷ தெரியும்? போமே," என்றார் ஆசீர்வாதம்.

நான் சிரித்திருக்கலாம். வண்டி ஏறிய பிறகுதான் தோன்றியது.

மே 23, வெள்ளி. ஜெனோவா

மழை. சன்னமாக, நின்று நின்று. தொழிற்சாலை மலைச்சரிவில், ஆஸ்பத்திரி மாதிரிச் சுத்தம். இது வேலை செய்கிற இடம்தானா என்று ஆசீர்வாதத்துக்குச் சந்தேகம். "எண்ணெ வாடையே இல்லியே மேடம்."

எங்களைக் கவனித்துக்கொள்கிற எஞ்ஜினியர் ஒரு பெண். முப்பது முப்பத்திரண்டு இருக்கும். பெயர் மார்த்தா. ஆசீர்வாதத்துக்கு வாயெல்லாம் பல். "எங்க சித்தி பேரு மேடம் அது! சொல்லுங்க அந்தப் பொண்ணாண்ட." சொன்னேன். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிற்று.

சோதனை. எண் 1, அமைதி. எண் 2, மணி. எண் 3, அமைதி. எண் 4, அமைதி.

மறுபடி விடச் சொன்னேன். அமைதி. திருப்பிப் போட்டு விடச் சொன்னேன். அமைதி. எண் 5-க்கு அடித்தது, 6-க்கு இல்லை. ஆக, என்னுடைய மயிரிழையை மட்டும் கோட்டை விட்டிருக்கிறது.

மார்த்தா தணிந்த குரலில் சொன்னாள்: இந்தக் கம்பியில் விரிசல் இல்லையோ என்னவோ. இங்கேயே சாயம் இருக்கிறது, அரை மணி நேர வேலை, பார்த்துவிடலாமா?

வேண்டாம் என்றேன். நான் பார்த்தாகிவிட்டது, லேபிளில் கையெழுத்து இருக்கிறது, என் கையெழுத்தை இதுவரை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்றேன். கடைசி வாக்கியம் தேவையில்லாதது. அவள் கழுத்துவரை சிவந்துபோனாள். சரி என்றாள்.

படிவத்தில் 'ஏற்கவில்லை' என்று எழுதிவிட்டு வந்தேன். திருப்தியாக இருந்தது. அதையும் எழுதி வைக்க வேண்டியதுதான்.

மே 24, சனி

விடுமுறை. மழை விட்டுவிட்டது. ஓட்டல் குளியலறைக் குழாயில் வெந்நீர் எந்தப் பக்கம் என்று இன்றும் பிடிபடவில்லை.

காலையில் எம்.டி. போன். சந்தோஷமாக இருந்தார்! "உங்கள அனுப்புனது இதுக்குத்தான். அவங்க ஓனர்கிட்ட பேசிட்டேன். அனுபவம் இல்லாத பொண்ண வெச்சு எங்கள ஏமாத்தப் பாக்கறீங்களான்னு கேட்டேன். திங்கக்கிழமைலேர்ந்து வேற ஆள் வருவான்."

நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "நீங்க சொல்லல, நான் சொன்னேன்," என்று வைத்துவிட்டார்.

மதியம் மார்த்தாவிடமிருந்து செய்தி. நாளை படகில் போகலாம் என்று நேற்றுக் காலை, சோதனைக்கு முன்பே பேசியிருந்தது. காலை எட்டரைக்கு ஓட்டல் வாசலில் நிற்பாளாம். போகாமலிருக்கக் காரணம் தேடினேன். கிடைப்பதற்குள் ஆசீர்வாதம் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டார்.

மே 25, ஞாயிறு

வெயில், ஆனால் சுடாத வெயில். வியர்வையே இல்லை. நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மறந்துவிடுவேன்.

ரயிலில் அரை மணி நேரத்தில் காமோலி. சின்ன மீன்பிடி ஊர். கடலைப் பார்த்து ஏழு மாடி, எட்டு மாடி வீடுகள், ஒட்டி ஒட்டி. மஞ்சள், காவி, ரோஸ். நாஷ்டாவுக்கு மார்த்தா ஒரு தட்டையான ரொட்டி வாங்கித் தந்தாள், உள்ளே உருகிய சீஸ். ஆசீர்வாதம் மூன்று தின்றார். "ஊத்தப்பத்த பிச்சிப் போட்ட மாரி கீது. நல்லாத்தான் கீது."

படகுக்கு இன்னும் இருபது நிமிடம். துறையில் நின்று வீடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"மேடம், அந்த ஜன்னலப் பாருங்க. மூணாவது மாடி. அது ஜன்னலே இல்ல. பெயிண்டு!"

உண்மை. ஜன்னல், மூடிய கதவு, மேலே கல் வேலைப்பாடு, ஓரத்தில் நிழல், எல்லாம் சுவரில் வரைந்தது. ஒன்று தெரிந்ததும் வரிசையாகத் தெரிந்தது. பாதி ஊரே வரைந்தது. மார்த்தாவிடம் கேட்டேன். இந்தக் கரை முழுக்க இப்படித்தானாம். கல்லில் செய்ய வசதி இல்லாதவர்கள் வண்ணத்தில் செய்துகொண்டார்கள், கடலில் வருகிறவன் பார்த்தால் ஊர் கௌரவமாகத் தெரிய வேண்டும் அல்லவா என்றாள்.

அதை ஆசீர்வாதத்துக்குச் சொன்னேன். தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"நம்ம ஆளுங்கதான் மேடம் இவங்க! வெளியாளு வந்தா மானத்த காப்பாத்தணும் இல்ல? நான் கூட அப்டித்தான். நம்ம ராடுங்கள பொட்டில வெக்கும்போது பாக்கறேன், கருகருன்னு, சொரசொரன்னு கீது. ஃபாரின்காரன் பாத்தா இன்னா நெனப்பான்? இன்னாடா கம்பெனி இவனுங்க கம்பெனின்னு. அதான் ஆறையும் லேசா ஒரு தேய்ப்பு தேய்ச்சு, பளபளன்னு ஆக்கி, அப்பறம்தான் ஆணி அட்ச்சேன்."

எவ்வளவு தேய்த்தீர்கள் என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"அட, நகக்கண்ணு அளவுகூட இருக்காது மேடம். மேலாப்புல."

மயிரிழை விரிசலும் மேலாப்பில்தான் இருக்கும். எண் 2, எண் 5 ஆழமானவை, தேய்ப்பில் போகாது. எண் 4 போய்விடும். அவருக்கு அது தெரியாது. விரிசல் என்றால் உள்ளே ஓடுவது என்றுதான் அவர் எண்ணம். நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. தேய், என்போம். தேய்ப்பார்.

நான்? பெட்டி மூடும்போது மாதிரியைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது ஆய்வகத்தில் நானே எழுதி ஒட்டிய விதி. அன்று திருவள்ளூரில் ஒரு கிரகப்பிரவேசம். முதல் நாளே கையெழுத்துப் போட்ட லேபிளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை பளபளவென்று ஆறு கம்பிகள் என் கண் முன்னால் கிடந்தன. நான் கடைசியாகப் பார்த்தபோது கருப்பாக இருந்தவை. அவர்கள் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன்! என் ஆய்வகத்துப் பிள்ளைகள் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் நிற்க வைத்துக் கேட்பேன்.

படகு வந்துவிட்டது. ஏறினோம்.

அப்போதே சொல்லியிருக்கலாம், இரண்டு பேரிடமும். சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்வதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இது கொள்கை மாதிரித்தான் தெரிந்தது. படகு திரும்பி வருவதற்குள் வேறு மாதிரித் தெரிந்தது.

கடல் நீலம் இல்லை, கரும்பச்சை. பாறை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது, மேலே பைன் மரங்கள். மணலே கிடையாது. படகில் நாற்பது பேர் இருக்கலாம். ஜெர்மன் கிழவர்கள், கைத்தடி, தொப்பி. ஒரு நாய். ஆசீர்வாதம் முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் அலை அடித்ததும் "யப்பா!" என்றார். நாய் அவரைப் பார்த்துக் குரைத்தது. அவர் நாயைப் பார்த்துக் குரைத்தார். ஜெர்மன்காரர்கள் கை தட்டினார்கள். பிறகு அவர் ராஜாங்கம்தான். யாரோ ஒரு தொப்பியைக் கொடுக்க, அதைப் போட்டுக்கொண்டு இரண்டு காலடி ஆடக்கூட ஆடினார்.

எளாவூருக்கு வீடியோ கால்.

"தோ பார்மே, கடலு!"

"பழவேற்காட்டுல இல்லாத கடலா? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மே. தண்ணி எப்டி கீது பாரு, கண்ணாடி கணக்கா. அடி வரைக்கும் தெரியுது."

"வுழுந்து கிழுந்து தொலையாத. மேடம் எங்க? மேடம் இன்னா உம்முன்னு கீறாங்க?"

"அவங்க எப்பவும் அப்டித்தான். நீ வையி."

வழியில் ஒரு சின்ன வளைவு. மூன்று பக்கமும் மலை, நடுவில் பழைய மடம், கூழாங்கல் கரை. சான் ஃப்ருத்துவோசோ. சாலை கிடையாது. படகில் வரலாம், அல்லது மலை ஏறி இறங்கலாம். அந்த வளைவுக்கு வெளியே கடலடியில் ஏசுவின் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. கைகள் இரண்டும் மேலே தூக்கி. மார்த்தா சொன்னதும் ஆசீர்வாதம் தொப்பியைக் கழற்றிவிட்டார். படகு வேகத்தைக் குறைத்தது. எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தோம்.

எனக்குப் பச்சைத் தண்ணீர்தான் தெரிந்தது. அதற்குள் வெளிச்சம் ஆடிற்று, அவ்வளவு.

"தெர்து மேடம். கை ரெண்டும் தெர்து." கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம், "மிசினு நல்லபடியா ஊரு வந்து சேரணும்னு வேண்டிக்கினேன். அந்த நாலாம் நம்பரையும் அது புடிக்கணும்னு சொன்னேன். பாவம், மார்த்தா பொண்ணும் பேஜாராத்தான் கீது."

தலையை ஆட்டினேன்.

கூழாங்கல் கரையில் ஒரு மணி நேரம். அவர் பேன்ட்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் நின்றார். மார்த்தாவும் நானும் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அவளே சொன்னாள்: நாளையிலிருந்து வேறு ஒருவர் வருவார், நேற்று மாலை சொல்லிவிட்டார்கள். இந்த மெஷினை முதல் வரைபடத்திலிருந்து செய்தது அவளாம். இரண்டு வருடம்.

பிறகு ஏன் எங்களை அழைத்து வந்தாய் என்று கேட்டேன்.

அழைத்தது வெள்ளிக்கிழமை காலை, சோதனைக்கு முன்னால், வார்த்தை கொடுத்தாயிற்று என்றாள். வேலை வேறு, ஞாயிறு வேறு. பிறகு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பெரியவர்களிடம் கேட்கிற மாதிரி உண்மையாகவே கேட்டாள்.

வாயைத் திறந்தேன். "தண்ணீர் குளிராக இருக்குமா?" என்று வந்தது.

போர்ட்டோஃபினோ. கப்பல் மாதிரிப் படகுகள், பை விற்கிற கடைகள், ஐஸ்கிரீம். இரண்டு கோபுரமுள்ள ஒரு சிறிய கோவில் மஞ்சளாக. மேலே கோட்டை, ஏறவில்லை. எதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டிருந்தது முழுக்க ஒரே விஷயத்தை: நாளை நான் வாயைத் திறந்தால் ஆசீர்வாதத்துக்கு அந்த வேலை இல்லை. எம்.டி. விடமாட்டார். திறக்காவிட்டால் இந்தப் பெண் பெயரில் ஒரு கறை நிற்கும், நல்ல மெஷினுக்கும் கெட்ட பேர். எனக்கு மட்டும் எதுவும் ஆகாது. இருபத்திரண்டு வருடம் சரியாகவே இருந்த பெண்மணி அப்படியே ஊர் போய்ச் சேர்வாள்.

திரும்பும்போது காற்று. எல்லோர் மேலும் தெறித்தது. ஆசீர்வாதம் நனைந்து, சிரித்து, ஜெர்மன் கிழவரிடம் தமிழிலேயே ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த நாளை அவருக்கு விட்டுக்கொடுத்தேன் என்று நினைத்தேன். அது என் பெருந்தன்மை என்றுகூடக் கொஞ்ச நேரம் நினைத்தேன்.

மே 26, திங்கள்

மேகம். காலை உணவு ஏழரைக்கு. அவரிடம் சொன்னேன். ஒரு காகிதத்தில் கம்பியை வரைந்து, விரிசல் எவ்வளவு ஆழம், தேய்ப்பு எவ்வளவு என்று காட்டினேன். காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மிசினு சரி."

"சரியாத்தான் இருக்கும். பார்க்கணும்."

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நேத்து. ஜன்னல் பார்த்தோமே, அங்க."

ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"காலையிலயா? அப்ப நான் போட்ல ஆடுனது, நாயாண்ட குரைச்சது, அங்க வேண்டிக்கினது, எல்லாம் தெரிஞ்சிதான் பாத்துக்கினு இருந்தீங்க."

"உங்க நாள் கெட வேண்டாம்னு..."

"எம் நாளு மேடம் அது! கெட்டா கெட்டுப் போவுது. ரெண்டு பேருமா சேந்து பேஜாராயிருப்போம். இப்ப பாரு, நான் ஒருத்தன் கோமாளி. நீங்க பாவம் பாத்துக்கினு குந்தியிருக்கீங்க."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை எனக்கு. "தப்பு என்னோடது," என்றேன். எந்தத் தப்பு என்று அவர் கேட்கவில்லை.

டாக்ஸியில் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தொழிற்சாலையில் புது எஞ்ஜினியர், உயரமான ஆள், கோட்டு. மார்த்தா இருந்தால்தான் தொடங்குவேன் என்றேன். கூப்பிட்டார்கள். வந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்துக்கு மூச்சு இழுப்பதற்குள் ஆசீர்வாதம் முன்னால் போய்விட்டார். எண் 4-ஐ எடுத்தார். நெஞ்சில் கையை வைத்து, "மீ," என்றார். கையால் தேய்த்துக் காட்டினார். "கிரைண்டிங். மீ. மெட்ராஸ்." மெஷினைத் தொட்டு, "குட். வெரி குட்." மார்த்தாவைக் காட்டி, "ஷீ, குட்."

மார்த்தா என்னைப் பார்த்தாள். என்னுடைய நான்கு வாக்கியத்தில் ஒன்றுதான் மீந்தது. தேய்த்த பிறகு நான் மறுபடி பார்க்கவில்லை என்றேன்.

சாயம் தெளித்தோம். காத்திருந்தோம். துடைத்து, பவுடர் அடித்தோம். வெள்ளை. பத்து நிமிடம் கழித்தும் வெள்ளை. முனையிலிருந்து முனை வரை ஒரு சிவப்புப் புள்ளி இல்லை.

மார்த்தா கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: எவ்வளவு சீராகத் தேய்த்திருக்கிறார்! எங்கள் ஆட்களுக்கு இது வராது. மொழிபெயர்த்துச் சொன்னேன். ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. "சும்மா சொல்லுது," என்றார்.

அதே கம்பியில் மயிரிழை அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டு உள்ளே விட்டார்கள். மணி. திருப்பிப் போட்டு விட்டார்கள். மணி. ஆறு முறை. படிவத்தில் வெள்ளிக்கிழமை எழுதியதை அடித்துவிட்டு, அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் ஓனருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி, மார்த்தா கேட்டதைச் செய்யவிடாமல் தடுத்தது நான் என்று அதில் சொல்லி, அவள் கையிலேயே கொடுத்தேன். படித்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

சாயங்காலம் ஓட்டல். எம்.டி.க்கு ஆங்கிலத்தில் அறிக்கை. 'அனுப்புவதற்கு முன் மாதிரிகளின் மேற்பரப்பு மாற்றப்பட்டது, மறுபடி சரிபார்க்கப்படவில்லை, பொறுப்பு என்னுடையது' என்று எழுதினேன். ஆசீர்வாதத்தின் பெயர் இல்லை. கதவைத் தட்டி அவரே வந்தார். உட்காரவில்லை.

"இன்னா எழுதிக்கிறீங்க, படிங்க."

தமிழில் படித்துச் சொன்னேன்.

"தேய்ச்சது யாருன்னு இல்லியே."

"அது தேவையில்ல ஆசீர்வாதம். உங்க வேலை..."

"எனக்குத் தெரியாதா என் வேல? நேத்தும் இப்டித்தான் நீங்களே முடிவு பண்ணீங்க. எம் பேர போடுங்க. நான் பண்ணது எங்கூட இருக்கட்டும்."

போட்டேன். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, விரலை வைத்து வைத்துப் படித்தார். தன் பெயரில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுத்த வரி.

"அன்வெரிஃபைடுன்னா?"

"சரிபார்க்கலன்னு அர்த்தம்."

"அது யாரு?"

"நான்."

"அப்ப உங்க பேரு மேல வரணும். நான் தேய்ச்சதுக்கு அப்பறமும் நீங்க பாத்திருந்தா இது இல்ல."

மேலே மாற்றினேன். இரண்டு பெயர், மேலும் கீழும். சரி என்று தலையை ஆட்டினார். வாட்ஸ்அப்பிலும் அனுப்பச் சொன்னார், மெயிலை எம்.டி. பார்க்கமாட்டாராம். அனுப்பினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டு டிக். இன்னும் நீலமாகவில்லை.